செங்கல் தூளும் நெட்டருகே நிற்பவரும்: கிளே கோர்ட் இரட்டையர் ஆட்டம் எப்படி நடக்கிறது?

மதுரைக்காரர்களுக்கு டென்னிஸின் கிளே கோர்ட் சீசன், அதாவது செங்கல் தூள் தரையில் ஆடுகிற பருவம், அநேகமாகச் சித்திரைத் திருவிழாவோடு சேர்ந்தே வரும். இங்கே கொடியேற்றத்துக்கு நாள் பார்க்கிற சமயத்தில் அங்கே மான்டே கார்லோ, பார்சிலோனா. அழகர் மலைக்குத் திரும்புகிற வாரங்களில் மாட்ரிட், ரோம். கத்திரி வெயில் முடியும்போது பாரிஸில் பிரெஞ்சு ஓபன் தொடங்கிவிடும். பாரிஸில் காலை பதினோரு மணி என்றால் நமக்கு மதியம் இரண்டரை. வெளியே தலைகாட்ட முடியாத நேரம், போனில் மேட்ச் பார்க்க வாகான நேரம்.

பார்ப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஒற்றையரைத்தான். நடால் பதினான்கு முறை ஜெயித்த மைதானம் என்றால் பேச்சு அந்தப் பக்கம்தானே போகும். ஆனால் நம் ஆட்கள் பாரிஸில் என்ன செய்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் வேறு கதை கிடைக்கும். 1997-ல் மகேஷ் பூபதி ஜப்பானின் ரிகா ஹிராகியோடு கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான், பிறந்தது சென்னையில். 1999-லும் 2001-லும் லியாண்டர் பயஸ் - பூபதி ஜோடி ஆண்கள் இரட்டையர் பட்டம். 2009-ல் பயஸ், செக் நாட்டு லூகாஸ் டிலோஹியோடு இன்னொன்று. அப்புறம் கலப்பு இரட்டையரில் 2012-ல் பூபதி - சானியா, 2016-ல் பயஸ் - ஹிங்கிஸ், 2017-ல் ரோஹன் போபண்ணா - டப்ரோவ்ஸ்கி. ஆண்கள் ஒற்றையரில்? இறுதிப் போட்டிக்கு இந்தியர் ஒருவர்கூட வந்ததில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஐரோப்பியப் பாணி கிளே கோர்ட் நம் நாட்டில் அரிது. பயஸும் பூபதியும் போபண்ணாவும் கிளேயில் ஊறி வளர்ந்தவர்கள் இல்லை. சொல்லப்போனால் பயஸின் ஆட்டமே புல்தரைக்குப் பிறந்த ஆட்டம். அப்படிப்பட்டவர்கள், கிளே கோர்ட்டிலேயே பிறந்து வளர்ந்த ஸ்பெயின்காரர்களும் அர்ஜென்டினாக்காரர்களும் இருக்கிற இடத்தில் எப்படிக் கோப்பையைத் தூக்கினார்கள்?

என் பதில் சுருக்கமானது. இரட்டையர் ஆட்டத்தில் பாதிப் பந்து தரையிலேயே படுவதில்லை. நெட்டருகே நிற்பவர் பந்தை அந்தரத்திலேயே தட்டிவிடுகிறார். தரையில் படாத பந்துக்குத் தரை செங்கல் தூளா, புல்லா, சிமென்ட்டா என்று தெரியாது. கிளே தன் வேலையைக் காட்டுவது முதல் இரண்டு அடிகளில், அதாவது சர்விலும் அதைத் திருப்பி அடிக்கிற ரிட்டர்னிலும்தான். அதற்கப்புறம் நெட்டருகே யாருடைய கை வேகம் என்பதே பேச்சு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதலில் தரை.

டிவியில் தெரிகிற அந்தச் சிவப்பு, அரைத்த செங்கல் தூள். பாரிஸில் அதன் கனம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஆறேழு சென்டிமீட்டர். அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை, தண்ணீர் வடியப் பெருங்கல். மேலே கிடக்கும் தூள் காற்றில் பறந்துவிடாமல் இருக்க விடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். செங்கல்லை உடைத்துத் தூளாக்கி விளையாடுகிறார்கள் என்று மானாமதுரைச் சூளைக்காரர் ஒருவரிடம் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கீழடியில் செங்கல் சுவரைத் தூரிகை வைத்துத் துடைத்துக் காப்பாற்றுகிற ஊர்க்காரர்கள் நாம்.

நம் பக்கத்துப் பழைய கிளப்களின் செம்மண் கோர்ட் வேறு வகை. செம்மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் இழுத்து, சாணம் கரைத்து மெழுகி, சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். காலை ஒன்பது மணி வெயிலுக்கே தரை கல்லாக இறுகிவிடும், பந்தும் விறுவிறுவென்று வரும். அதில் பழகிவிட்டு ஐரோப்பாவுக்குப் போகிறவருக்கு, நிறம் ஒன்றாக இருந்தாலும் கால் பழகவே சில வாரம் பிடிக்கும்.

செங்கல் தூள் பந்துக்கு இரண்டு காரியம் செய்கிறது. உராய்வால் முன்னோக்கிப் போகிற வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. கூடவே பந்தை உயரமாக எழுப்புகிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தரைகளை வேகத்தை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கிளே வழக்கமாக விழுவது முதலாவதான ‘மெதுவான’ வகையில். ஒற்றையரில் இதன் விளைவு எல்லோருக்கும் தெரியும். பலமான சர்வ் மழுங்குகிறது, அடித்த பந்தெல்லாம் திரும்பி வருகிறது, ஒரு புள்ளிக்கு இருபது அடி ஆகிறது. முழங்கால் பலமும் பொறுமையும் உள்ளவர் ஜெயிக்கிறார்.

இரட்டையருக்கு வாருங்கள். கோர்ட்டின் அகலம் 27 அடியிலிருந்து 36 அடியாகிறது. பக்கத்துக்கு நாலரை அடிதான் கூடுகிறது, ஆட்களோ இரண்டு மடங்கு. ஆக ஒவ்வொருவருக்கும் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் குறைகிறது. சர்வ் போடுகிறவரின் கூட்டாளி ஏற்கெனவே நெட்டருகே நிற்கிறார். ரிட்டர்ன் கொஞ்சம் மிதந்து வந்தால் போதும், ஒரே தட்டில் கதை முடிந்தது. சர்வ், ரிட்டர்ன், வாலி (தரையில் படும் முன்பே தட்டுவது), முடிந்தால் இன்னொரு வாலி. பெரும்பாலான புள்ளிகள் இந்த நாலு அடிக்குள் தீர்ந்துவிடும். நாலில் தரையைத் தொடுவது முதல் அடி மட்டுமே. ரிட்டர்ன் கீழே விழுவதற்குள் நெட்டுக்காரர் எடுத்துவிடுகிறார்.

அப்படியானால் கிளேக்கு ஒரு வேலையும் இல்லையா? இருக்கிறது. சர்வ் மெதுவாகி உயரமாக எழும்புவதால் ரிட்டர்ன் அடிப்பவருக்கு இமைப்பொழுது கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த இமைப்பொழுதுதான் எல்லாம். புல்தரையில் தடுத்து நிறுத்தினாலே போதும் என்று மட்டையை நீட்டுகிற இடத்தில், இங்கே முழுதாக வீசி, மேல்சுழற்சி கொடுத்து, நெட்டைத் தாண்டியதும் குப்பென்று கீழிறங்குகிற மாதிரி அடிக்கலாம். ஓடிவருகிற சர்வர் அதைக் கணுக்கால் உயரத்தில் எடுக்க வேண்டும். கணுக்கால் உயரத்து வாலி மேல்நோக்கித்தான் போகும், எதிரணி நெட்டுக்காரர் அதற்குத்தான் காத்திருப்பார். இன்னும் தாமதித்தால் பந்து காலடியில் குத்தி எழும். அதை அரை வாலியாக எடுக்க வேண்டும். நெட்டு ஆட்டக்காரர் தரையை நம்பியே ஆக வேண்டிய இடம் அது ஒன்றுதான். செங்கல் தூளில் ஒரு சின்னக் குழி இருந்தாலும் போச்சு.

கால் விஷயமும் உண்டு. நெட்டருகே நிற்பவர் குறுக்கே பாய்ந்து பந்தைத் திருடுவது இரட்டையரின் அழகே. சிமென்ட் தரையில் அந்த முதல் எட்டு கிச்சென்று பிடித்துக்கொள்ளும். தூளில் வழுக்கும். தப்பான பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டால் திரும்பி வர முடியாது, அவர் விட்டுப்போன இடத்தில் பந்து போய் விழும். அதனால் கிளேயில் பாய்ச்சல் குறையும், நடிப்பு கூடும். பாயப்போகிறவர் மாதிரி தோளை அசைத்துவிட்டு அங்கேயே நிற்பது பெரிய கலை.

சர்வருக்கும் ஒரு ஆறுதல் உண்டு. நேர்வேக சர்வ் மழுங்கினாலும், சுழற்றிப் போடுகிற கிக் சர்வ் கிளேயில் தோளுக்கு மேலே எழும்பும். பந்து மெதுவாகப் போவதால் சர்வர் நெட்டுக்கு இரண்டு எட்டு கூடுதலாக வந்துவிடலாம். நல்ல இரட்டையர் ஆட்டக்காரர்கள் கிளேயில் எதிராளி தொடவே முடியாத ஏஸ் சர்வுக்காக மெனக்கெடுவதில்லை. முதல் சர்வையே கொஞ்சம் அடக்கிச் சுழற்றிப் போட்டு, கூட்டாளிக்கு எளிய வாலி வரவழைப்பதிலேயே குறியாக இருப்பார்கள்.

மதுரையில் டென்னிஸ் கிளப் என்றாலே டபுள்ஸ் கிளப்தான். கோர்ட் ஒன்றோ இரண்டோ, காத்திருப்பவர்கள் எட்டுப் பேர். ஒற்றையர் ஆட யார் விடுவார்கள்? எனக்குத் தெரிந்த கிளப் ஒன்றில் எழுபதை நெருங்கும் ஒருவர் ஆடுவார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்காலில் பட்டை கட்டியிருப்பார், ஓடவே மாட்டார். இருபத்தைந்து வயதுக் கல்லூரிப் பையன்கள் அவரிடம் தோற்றுவிட்டு மூச்சு வாங்குவார்கள். ஒருநாள் அதில் ஒரு பையன், “சார், எவ்வளவு பலமா அடிச்சாலும் திருப்பிடுறீங்களே!” என்றான். “தம்பி, நீங்க பலமா அடிச்சா எனக்குத்தான் லாபம், நான் சும்மா காட்டுனாப் போதும். ரெண்டு பேருக்கும் நடுவுல மெல்லமாப் போடுங்க. யாரு எடுக்கிறதுன்னு அவங்களே சண்டை போட்டுக்குவாங்க” என்றார்.

உலகத் தரத்திலும் இதே பாடம்தான். நெட் ஓரத்தில் மூன்றரை அடி, நடுவில் மூன்றடி. நடுவில் அடித்தால் தாண்டுவது எளிது. அங்கிருந்து எதிரணிக்குக் கோணமும் கிடைக்காது. இரண்டு பேரும் எடுக்கலாம் என்கிற பந்தை இரண்டு பேரும் விட்டுவிடுவதும் நடக்கும். கிளேயில் ரிட்டர்னுக்கு நேரம் கிடைப்பதால் இந்த நடுப்பந்து இன்னும் கூராகிறது.

இப்போது 1999 இறுதிப் போட்டியைப் பாருங்கள். பயஸ் - பூபதிக்கு எதிரே கோரன் இவானிசெவிச்சும் ஜெஃப் டராங்கோவும். இவானிசெவிச்சின் இடக்கை சர்வ் அந்தக் காலத்து எதிராளிகளின் தூக்கத்தைக் கெடுத்த சர்வ். புல்தரையில் அந்தச் சர்வை எட்டிப் பிடிப்பதே பெரிய விஷயம். பாரிஸில் 6-2, 7-5 என்று நேர் செட்களில் ஆட்டம் முடிந்தது. என் கணக்கில் அது தற்செயல் இல்லை. தரை இவானிசெவிச்சிடமிருந்து ஒரு ஆயுதத்தைக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது. பயஸின் நெட்டுக் கையிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, ஏனென்றால் அது தரையை நம்பி இல்லை. பூபதியின் ரிட்டர்னுக்கோ கூடுதல் நேரம் கிடைத்தது. பத்து வருடம் கழித்து 2009-ல் பயஸும் டிலோஹியும் இறுதியில் வீழ்த்திய ஜோடியிலும் டிக் நார்மன் என்று இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான பெல்ஜியக்காரர் இருந்தார். முதல் செட் 3-6 என்று போய், அப்புறம் 6-3, 6-2. நெடிய சர்வரை கிளே கொஞ்சம் குட்டையாக்குகிறது, நெட்டுக்காரரை அப்படியே விட்டுவைக்கிறது.

பயஸ் - பூபதி அந்த 1999-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டிகளுக்கும் வந்தார்கள். பாரிஸிலும் விம்பிள்டனிலும் ஜெயித்தார்கள். மெதுவான செங்கல் தூளில் வென்றவர் சில வாரத்திலேயே வேகமான புல்லிலும் வெல்வது ஒற்றையரில் அபூர்வம். இரட்டையரில் தரை மாறினாலும் ஆட்கள் பெரிதாக மாறுவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

பிரெஞ்சு ஓபன் ஆண்கள் இரட்டையர் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தால் இரண்டு இனமும் மாறி மாறி வரும். 2003-ல் பிரையன் சகோதரர்கள், அமெரிக்கர்கள். அவர்களுடைய முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டமே கிளேயில்தான். 2005, 2006 இரண்டு வருடமும் யோனாஸ் பியோர்க்மன் - மாக்ஸ் மிர்னி. சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடுகிற பழைய பாணிக்காரர்கள், செங்கல் தூளில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இரண்டு முறை கோப்பை வாங்கினார்கள். மறுபக்கம், 2008-ல் உருகுவேயின் பாப்லோ குவேவாஸும் பெருவின் லூயிஸ் ஓர்னாவும் சீட் பெறாத ஜோடியாக, அதாவது அந்தப் போட்டியின் முன்னணி ஜோடிகள் பட்டியலில் இல்லாமல் வந்து, நெஸ்டர் - சிமோஞ்சிச் என்ற பலம்வாய்ந்த ஜோடியை 6-2, 6-3 என்று அடித்துப் போட்டார்கள். இருவரும் கிளேயில் வளர்ந்த ஒற்றையர் ஆட்டக்காரர்கள். பின்கோட்டிலிருந்தே ரிட்டர்னைக் குனிய வைத்து, நெட்டுக்காரர்களை மூச்சுத் திணற வைக்கிற ரகம். அதே குவேவாஸ்தான் 2017-ல் போபண்ணாவோடு சேர்ந்து மான்டே கார்லோ பட்டம் வென்றவர். பின்கோட்டிலிருந்து ரிட்டர்னைக் குனிய வைக்க ஒருவர், பலமாகச் சர்வ் போட ஒருவர். கிளேயில் கூட்டாளி தேடுகிறவருக்கு இதைவிட நல்ல சேர்மானம் கிடையாது என்பது என் எண்ணம்.

2019-ல் ஜெர்மனியின் கெவின் கிராவியெட்ஸும் ஆண்ட்ரியாஸ் மீஸும் சீட் பெறாமலே பட்டம் வென்றார்கள். அடுத்த வருடம் கொரோனா ஊரடங்கில் போட்டிகள் நின்றபோது, கிராவியெட்ஸ் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பகுதிநேர வேலைக்குப் போய் அலமாரியில் சாமான் அடுக்கினார். அந்த 2020-லேயே போட்டி தள்ளிப்போய் நடந்தபோது மறுபடியும் பட்டம். ஒற்றையர் சாம்பியன் ஒருவரை இந்த நிலையில் கற்பனை செய்ய முடியுமா?

வயதும் இங்கே வேறு மாதிரி. 2025-ல் வென்ற மார்செல் கிரானொயர்ஸுக்கு 39, அவருடைய அர்ஜென்டினக் கூட்டாளி ஒராசியோ செபாயோஸுக்கு 40. இறுதியில் 6-0, 6-7, 7-5. 2022-ல் எல் சால்வடாரின் மார்செலோ அரேவலோவோடு வென்ற ழான்-ஜூலியன் ரோயருக்கும் 40 வயது. தோல்வியின் விளிம்பில் மூன்று புள்ளிகளைக் காப்பாற்றிவிட்டு ஜெயித்தார்கள். இருபது அடி ரேலி இல்லை, ஐந்து செட் இல்லை. கண்ணும் கையும் இருந்தால் கால் பின்னால் வந்துகொள்ளும்.

சரி, போட்டி அமைப்பு. ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) நடத்தும் 250 வகைப் போட்டி என்றால் இரட்டையரில் 16 ஜோடிகள். நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. வென்ற ஜோடியில் ஒவ்வொருவருக்கும் 250 புள்ளி, இறுதியில் தோற்றால் 150, அரையிறுதி 90, காலிறுதி 45. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பூஜ்யம். விமானம் ஏறி, ஓட்டலில் தங்கி, ஒரு மணி நேரம் ஆடிவிட்டு ஒரு புள்ளிகூட இல்லாமல் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். சீட் பெற்ற ஜோடிகள் நாலுதான். கிராண்ட் ஸ்லாமில் 64 ஜோடிகள், 16 சீட்கள், ஆறு சுற்று.

ஸ்கோர் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. கிராண்ட் ஸ்லாம் தவிர்த்த ஏடிபி இரட்டையரில் டியூஸ் (40-40 சமநிலை) வந்தால், இரண்டு புள்ளி முன்னிலை கேட்கிற அட்வான்டேஜ் கிடையாது, ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்தப் புள்ளியில் யார் ரிட்டர்ன் எடுப்பது என்று ரிட்டர்ன் அணியே தேர்ந்தெடுக்கும். ஆளுக்கு ஒரு செட் என்றால் மூன்றாவது செட்டும் கிடையாது. அதற்குப் பதிலாகப் பத்துப் புள்ளி சூப்பர் டை-பிரேக். 2006-லிருந்து இப்படித்தான்.

கிளேயின் குணமும் இந்த ஸ்கோர் முறையின் குணமும் ஒன்றுக்கொன்று எதிர். கிளே பொறுமையாக இருப்பவருக்குப் பலன் தரும் தரை. ஸ்கோர் முறையோ பொறுமையாக இருக்க நேரமே தராது. செட்டை இழந்துவிட்டு மெதுவாக எதிராளியைக் களைக்க வைத்து ஜெயிப்பது என்கிற கிளேயின் பழைய வித்தைக்கு இங்கே வழியில்லை. இரண்டு கேமில் டியூஸ் புள்ளியைத் தவறவிட்டால் செட் போயிற்று. கிளேயில் ரிட்டர்ன் பலம் கூடுவதால் டியூஸ் அடிக்கடி வரும். டியூஸ் அடிக்கடி வந்தால் ஒற்றைப் புள்ளிச் சூதாட்டமும் அடிக்கடி வரும். சின்ன கிளே போட்டிகளின் இரட்டையரில் முதல் சீட் ஜோடி முதல் நாளே காணாமல் போவது இதனால்தான். பந்தயம் கட்டுகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பது அவர்களுடைய பர்ஸுக்கு நல்லது.

கிராண்ட் ஸ்லாமில் மூன்றாவது செட் முழுதாக உண்டு. அதிலும் 6-6 வந்தால் பத்துப் புள்ளி டை-பிரேக். அதனால் பாரிஸ் முடிவுகளில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு என்பேன். ஆனாலும் 2008, 2019 மாதிரி வருடங்கள் வரத்தான் செய்கின்றன.

யார் யார் ஆடுகிறார்கள் என்பதிலும் கிளே வாரங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இரட்டையருக்குள் நுழைய இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். தொகை குறைவான ஜோடிக்கு இடம். பல போட்டிகளில் ஒற்றையர் தரவரிசையையும் இதற்குக் காட்டலாம். எப்படியும் அந்த ஊருக்கு வந்துவிட்ட ஒற்றையர் ஆட்டக்காரர், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, நண்பர் ஒருவரோடு பெயர் கொடுத்துவிடுவார். ஒற்றையரில் முன்னேறினால் இரட்டையரிலிருந்து விலகிக்கொள்ளலாம்; தோற்றுவிட்டால் இரட்டையரில் மும்முரமாக ஆடலாம். பிப்ரவரியில் புவெனஸ் அய்ரெஸ், சாந்தியாகோ, ஜூலையில் உமாக், கிட்ஸ்பூயல் என்று போகும் கிளே வாரங்களில் இவர்கள் கூட்டம் அதிகம். இரட்டையரையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இவர்கள் பெரிய தலைவலி. ரிட்டர்ன் பலமாக இருக்கும், இழக்க ஒன்றும் இருக்காது, பயமில்லாமல் அடிப்பார்கள்.

பணக் கணக்கு இதை இன்னும் தெளிவாக்கும். 2024 பிரெஞ்சு ஓபனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 24 லட்சம் யூரோ. இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 5 லட்சத்து 90 ஆயிரம், அதையும் இருவர் பங்கு போட வேண்டும். ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கே 73,000 கிடைத்தது; இரட்டையர் முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்கு 17,500. அப்படியும் தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஆண்கள் அதிகம் தேறுவது இரட்டையரில்தான். ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்த், ஸ்ரீராம் பாலாஜி, ராம்குமார் ராமநாதன் என்று பெயர்கள் நீளும். ஜீவனும் பிரசாந்தும் 2024-ல் சீனாவின் ஹாங்சோ பட்டம் வென்றார்கள், ஆனால் அது சிமென்ட் ரகத் தரை. ஒற்றையரில் முதல் நூறுக்குள் நுழையும் வரை ஆகிற பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், பயணச் செலவை நம் பக்கத்துக் குடும்பங்களில் எத்தனை தாங்கும்? இரட்டையரில் செலவையாவது பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. எல்லா கிளேயும் ஒரே வேகம் இல்லை. மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கஷ்டாட் ஆயிரம் மீட்டருக்கு மேலே. காற்று லேசானால் பந்து வேகமாகப் பறக்கும், சர்வுக்குப் பழைய பலம் திரும்பி வரும். 2015-ல் போபண்ணா ருமேனியாவின் மெர்ஜியாவோடு மாட்ரிட் பட்டம் வென்றதையும், 2024-ல் யூகி பாம்ப்ரி, இரண்டு மீட்டர் உயர பிரெஞ்சு சர்வர் ஆல்பனோ ஒலிவெட்டியோடு கஷ்டாடில் வென்றதையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் ஆச்சரியம் குறையும். நம் கணக்கில் சொன்னால், நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் மதுரையில் ஒழுங்காக உள்ளே விழுகிற சர்வ், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் கோட்டைத் தாண்டிப் போய்விடும்.

இனி கிளே இரட்டையர் மேட்ச் பார்க்கக் கிடைத்தால் பந்தைத் துரத்தாமல் சில இடங்களைப் பாருங்கள். சர்வ் போட்டவர் நெட்டுக்கு ஓடுகிறாரா, பின்கோட்டிலேயே நிற்கிறாரா? நிற்கிறார் என்றால் எதிரணி ரிட்டர்ன் அவரைப் பயமுறுத்திவிட்டது என்று அர்த்தம். அப்புறம், ஒவ்வொரு செட் தொடக்கத்திலும் யார் முதலில் சர்வ் போடுவது என்பதை ஜோடி மாற்றிக்கொள்ளலாம். இடக்கைக்காரர் ஒருவரும் வலக்கைக்காரர் ஒருவரும் இருந்தால், இருவர் கண்ணிலும் வெயில் படாத மாதிரி பக்கம் பிரித்துக்கொள்வார்கள். கத்திரியில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பந்தையும் கவனியுங்கள். முதலில் ஏழு கேம், பிறகு ஒன்பது கேமுக்கு ஒருமுறை புதுப்பந்து வரும். அதற்குள் பழைய பந்து செங்கல் தூளும் ஈரமும் ஏறிப் பருத்துவிடும், சர்வ் இன்னும் மந்தமாகும். புதுப்பந்து வந்ததும் ஜோடியின் பலமான சர்வர் கையில் அது இருந்தால் அந்த கேம் அவர்களுக்கு லேசு.

பந்து விழுந்த தடமும் ஒரு வேடிக்கை. ஏடிபி போட்டிகள் 2025-லிருந்து கிளேயிலும் மின்னணு முறையில் கோடு பார்க்கின்றன. பிரெஞ்சு ஓபனில் அந்த வருடமும் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, விரலால் தடத்தைக் காட்டித்தான் தீர்ப்புச் சொன்னார். இரட்டையரில் நாலு பேரும் தடத்தைச் சுற்றி நின்று பஞ்சாயத்துப் பண்ணுவார்கள். நடுவர் வருவதற்குள் யாராவது ஒருவர் ‘தெரியாமல்’ அதன்மேல் கால் வைத்துவிடுவதும் நடக்கும்.

கடைசியாக நம் பக்கத்து ஆள் ஒருவர். கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி 2024 பிரெஞ்சு ஓபனில் மெக்சிகோவின் ரேயஸ்-வரேலாவோடு மூன்றாம் சுற்று வரை வந்தார். எதிரே அந்த வருடம் ஆஸ்திரேலிய ஓபனை வென்றிருந்த போபண்ணா - எப்டன். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது 6-6. பத்துப் புள்ளி டை-பிரேக்கில் 10-8 என்று பாலாஜி ஜோடி தோற்றது. தோற்றாலும், செங்கல் தூளில் இவர் ஆடத் தெரிந்தவர் என்பது எதிரே நின்ற போபண்ணாவுக்கே தெரிந்துபோயிற்று. ஒலிம்பிக்ஸ் இரட்டையர் அதே மைதானத்தில் நடக்க இருந்தது. முதல் பத்து இடத்துக்குள் இருந்த போபண்ணாவுக்குக் கூட்டாளியைச் சொல்லும் உரிமை இருந்தது. பாலாஜிதான் கூடப் போனார்.

ஜூலை கடைசியில் முதல் சுற்றிலேயே பிரெஞ்சு ஜோடி வந்தது: கேல் மோன்ஃபில்ஸ், எதுவார் ரோஜே-வாசெலாங். இரண்டாமவர் 2014-ல் இதே பாரிஸில் இரட்டையர் பட்டம் வென்ற நெட்டுக்காரர். மோன்ஃபில்ஸ் ஒற்றையர் ஆட்டக்காரர், காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர். ஒருவர் பின்கோட்டிலிருந்து அடிக்க, ஒருவர் நெட்டருகே முடிக்க, 7-5, 6-2. இந்தியாவுக்காக போபண்ணா ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.